செண்பகவல்லியின் கம்ப்யூட்டருக்கு முகம் வந்த கதை

மேலச்சுண்டங்குளம் தேரடித் தெருவில் செண்பகவல்லியின் கம்ப்யூட்டரிலிருந்து முதல் பிணம் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, நாற்பது வீட்டிலும் உலையில் அரிசி துள்ளிக்கொண்டிருந்த நேரத்தில். சூடு தாங்காமல் அடிக்கடி அணைந்துவிடுகிற பழைய மிஷின் என்பதால் அதன் பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே காற்றுப் போகும்படி டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்துத்தான் அவள் துப்பாக்கி விளையாட்டு ஆடுவாள். அன்றைக்கும் அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் ஓடிய ஒருத்தனை முதுகில் மூன்று தரமும், அவன் விழுந்த பிறகு நெற்றியில் ஒரு தரமும் சுட்டாள். சுட்ட கையோடு அந்தத் திறந்த பக்கத்தின் வழியாக முதலில் ஒரு தலையும், பிறகு கன்று பிறக்கும்போது வருவதுபோல ஒடுங்கி நெருக்கி இரண்டு தோளும், அதன்பின் வழுக்கிக்கொண்டு மீதி உடம்பும் வந்து தரையில் விழுந்தன. முதுகில் மூன்று ஓட்டை, நெற்றியில் ஒன்று. ரத்தம் சூடாக இருந்தது. முகம் மட்டும் இல்லை. கண்ணும் மூக்கும் வாயும் இருக்கவேண்டிய இடத்தில் பிசைந்துவைத்த கோதுமை மாவு மாதிரி ஒரு மொத்தை இருந்தது. செண்பகவல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே துணி தேய்க்கிற சிதம்பரத்தைக் கூப்பிட்டாள்.

“யண்ணே, ஒரு கை பிடிங்க. தனியா இழுக்க முடியல.”

சிதம்பரம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பிணத்தின் கையைப் பிடித்தார். எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை, யார் என்றும் கேட்கவில்லை. “சோறு வடிக்கிற நேரமாப் பாத்தா கொண்டாந்து போடுவ?” என்றுதான் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அந்தத் தெருவில் பிணம் கிடந்தால் அடுப்பு எரியாது, அம்மன் கோயில் நடை திறக்காது. எடுத்துக்கொண்டு போய் மண்ணைப் போட்டு, தெருவைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் ஒரு தீக்குச்சியாவது கிழிப்பார்கள். ஆக அன்றைக்கு நாற்பது அடுப்பும் அணைந்தன, நாற்பது பானையிலும் அரிசி பாதி வெந்து அரையும் குறையுமாய் நின்றது, வயிறு காய்ந்த நாற்பது வீட்டுக்காரர்களும் சாயங்காலம் கோயில் முன்னால் கூடிச் சத்தம் போட்டார்கள். கம்ப்யூட்டரிலிருந்து பிணம் வரலாமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் பேசவில்லை. எந்த நேரத்தில் வரலாம் என்றுதான் பேசினார்கள். மத்தியானம் சமையல் முடிந்து, கோயில் நடை சாத்தி, பன்னிரண்டரைக்கு மேல் அவள் விளையாடிக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு ஒன்று, அதற்கு மேல் கூடாது. நாலரைக்கு நடை திறப்பதற்குள் பிணம் தெருவைத் தாண்டியிருக்க வேண்டும். குப்பை அள்ளுகிற பேட்டரி வண்டியைப் பேரூராட்சியில் சொல்லி மூன்று மணிக்கு வரவைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முகமில்லாதவனுக்குச் சாதியும் கிடையாது என்பதால் எந்தச் சாதி மயானத்துக்கு என்ற சண்டை வராமல், ஓடைக்கரைப் புறம்போக்கில் வரிசையாகப் புதைத்துவிடுவது என்றும் பேசி முடித்தார்கள்.

இத்தனை தாராளம் அந்தத் தெருவுக்கு எப்படி வந்தது என்றால், அவர்கள் எல்லாருக்கும் அவளிடம் ஒரு கடன் இருந்தது, அது காசுக் கடன் இல்லை. ஏழு வருசத்துக்கு முன்னால், அவளுடைய பிரவுசிங் சென்டரில் எட்டு மிஷின் ஓடிய காலத்தில், அவளுடைய தம்பி அழகுவேல், கொம்பையாவின் செம்மண் லாரிகள் கண்மாயைத் தோண்டுவதைப் பற்றிக் கலெக்டருக்கு ஒரு புகார் அனுப்பினான். அவன் சொல்லச் சொல்ல டைப் அடித்தவள் செண்பகவல்லி. அடித்தது இந்த மிஷினில். நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, பால் வாங்கவும் பஸ் ஏறவும் ஆள் நிறைந்து நின்ற தெருவில், கொம்பையா அழகுவேலைச் சட்டையைப் பிடித்து இழுத்து, டைப் அடித்த கை எது என்று கேட்டு, வலது கையை முதலில் வெட்டினான், பிறகு இடதையும் வெட்டினான், பிறகு கழுத்துக்கு வந்தான். பதினெட்டுப் பேர் பார்த்தார்கள். கோர்ட்டில் பதினெட்டுப் பேரும் கூண்டில் ஏறி, தாங்கள் வேறு பக்கம் திரும்பி நின்றதாகச் சொன்னார்கள். கொம்பையா வெளியே வந்து, அதே தெருவில், அதே லாரிகளோடு, செண்பகவல்லியின் கடை வாசலில் எச்சிலைத் துப்பிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தான். மற்ற ஏழு மிஷினையும் அவள் உதிரியாக விற்றாள். தம்பியின் கடைசி வார்த்தைகள் ஏறிய இதை மட்டும் விற்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டு, கரண்டு பில்லும் பிறப்புச் சான்றிதழும் எழுதிப் பிழைத்தாள். மிச்ச நேரத்தில் சுட்டாள்.

இப்படியே ஒரு வருசம் ஓடியது. பிணம் வருவது தண்ணீர் லாரி வருவதுபோல ஆகிவிட்டது. மூன்று மணிக்கு வண்டி மணி அடித்ததும் பெண்கள் வாசலில் குடத்தோடு நிற்பார்கள், வண்டி போன தடத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள், வம்பு பேசுவார்கள். தலை சிதறி வந்த நாளில் “இன்னிக்கு ரொம்பக் கோவம் போல” என்பார்கள், நெஞ்சில் ஒரே ஓட்டையோடு வந்தால் “மனசு கொஞ்சம் தேவல” என்பார்கள். பூக்கட்டுகிற ராக்கு தினம் ஒரு முழம் கதம்பம் இலவசமாகப் போட்டாள். அவளும் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தி.

பிறகு மிஷின் படுத்தது. ஒரு ஆளைச் சுட்டால் குண்டு போய்ச் சேர்வதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற நிலைமை. ஒருநாள் இடுப்பு வரைக்கும் வந்த பிணம் பாதியிலேயே நின்று, மிஷினை அணைத்துப் போட்டால்தான் மீதி வரும் என்று ஆனது. செண்பகவல்லி அதைச் சாக்கில் கட்டி டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டு மாடியில் ரிப்பேர் கடை வைத்திருந்த ஜெபராஜ் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினான்.

“யக்கா, ரத்தமெல்லாம் காஞ்சு போர்டுல ஒட்டிக் கெடக்கு. இத்தன வருசம் இது ஓடுனதே பெரிசு. புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போங்களேன்.”

“இதுதான் வேணும். கையில பெரிசா ஒண்ணும் இல்ல. என்ன மாத்தணுமோ ஒவ்வொண்ணா மாத்து.”

“எல்லாரும் மொதல்ல கிராபிக்ஸ் கார்டுன்னுதான் ஓடி வருவாங்க. நீங்க மொதல்ல பவர் சப்ளைய மாத்துங்க. பலமில்லாத சப்ளைல கார்டப் போட்டா எல்லாத்தையும் எரிச்சுப்புடும். அப்புறம் ஹார்டு டிஸ்க எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி. அப்புறம் ரேம். கார்டு கடைசி. பழசாப் பாத்து நானே தாரேன்.”

அவன் சொன்ன வரிசையில், மாசத்துக்கு ஒன்றாக, அவனுடைய கடைக் கணக்கையும் அவன் பெண்டாட்டியின் தாசில்தார் ஆபீஸ் மனுக்களையும் எழுதிக்கொடுத்தே பாதிக்குப் பாதி ஈடுகட்டி அவள் மாற்றினாள். பவர் சப்ளை மாறியதும் பிணம் பாதியில் நிற்பது நின்றது. எஸ்எஸ்டி போட்ட பிறகு, சுட்ட விரலை எடுப்பதற்குள் தொப்பென்று விழுந்தது. ரேம் கூடியதும் உள்ளங்கையில் ரேகை வந்தது, நகத்தில் அழுக்கு வந்தது, காலில் பித்தவெடிப்பு வந்தது. சிதம்பரம் முதன்முறையாகக் கையைப் பிடிக்கத் தயங்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தார். முகம் மட்டும் மாவாகவே இருந்தது.

கார்டு வந்தது ஆடி மாசம், அம்மன் கோயில் கொடியேற்று நாளில். ஜெபராஜே கொண்டுவந்து பொருத்திவிட்டு, ஃபேன் கொஞ்சம் கீச்சிடும், கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லிப் போனான். கொடியேற்று ஐந்து மணிக்கு. தெரு முழுக்கத் தோரணமும் மைக்செட்டும். “இன்னிக்கு ஒருநாள் விடேன் செண்பகம்” என்று சிதம்பரம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஒரு மணிக்கு உட்கார்ந்தாள். திரையில் வழக்கம்போல ஒருவன் ஓடினான். ஆனால் இந்த முறை ஓடியவன் திரும்பிப் பார்த்தான், பார்த்தபோது அவனுக்குக் கண் இருந்தது. இத்தனை நாளும் அவள் சுட்டது ஒரே ஆளைத்தான், அந்த ஆளின் முகத்தை வரைய அந்தப் பழைய மிஷினுக்கு வக்கில்லாமல் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். செண்பகவல்லி அவன் வலது கையைச் சுட்டாள், இடது கையைச் சுட்டாள், பிறகு கழுத்தை.

தரையில் கொம்பையா கிடந்தான். இடது புருவத்துக்கு மேலே மச்சம், முன்கையில் பச்சை குத்திய அம்மா பெயர், வெற்றிலைக் கறை ஏறிய பல். சிதம்பரம் வந்து பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். ராக்கு வந்தாள், பேரூராட்சி வண்டிக்காரன் வந்தான், ஒன்றிரண்டாய்த் தெருவே வந்து வாசலை அடைத்தது. கொம்பையா மூன்று நாளாய் ஊரில் இல்லை; மலையடிவாரக் குவாரியில் இருந்தான், அங்கே போனுக்கு டவர் கிடைக்காது. இதை எல்லாரும் அறிவார்கள். கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்பதையும் எல்லாரும் அறிவார்கள். ஆனாலும் முகம் இருக்கிற பிணத்தை ஓடைக்கரையில் போட யாருக்கும் கை வரவில்லை, ஐந்து மணிக்குக் கொடி ஏற வேண்டும், கொம்பையாவின் பெண்டாட்டி பவுனுத்தாயைக் கூப்பிட ஆள் போனது.

பவுனுத்தாய் வந்து குனிந்து பார்த்தாள். அவளுடைய மேலுதட்டில் போன வாரத்துத் தையல் இன்னும் பிரிக்காமல் இருந்தது. அதற்கு முந்தின மாசத்தில் அவளுக்கு இரண்டு விலா எலும்பு உடைந்து, மாட்டுத் தொழுவத்தில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தாள். அவள் பிணத்தின் மணிக்கட்டைத் திருப்பி, அங்கே இருந்த பழைய பல் தடத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தாள்.

“நான் கடிச்ச கடிதான். அவரேதான்” என்றாள். “சீக்கிரம் எடுங்க, கொடியேத்தத்துக்கு நேரமாகுதுல்லா?”

அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி இட்டு, அவர்கள் சாதி மயானத்தில் மயானம் காக்கிற ஒச்சையா வெட்டிய குழியில் நாலு மணிக்கே மண்ணைத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் சடங்கு நடந்து பவுனுத்தாயின் தாலி பால் சொம்பில் விழுந்தது. அதற்கு மறுநாள் அவள் பிரவுசிங் சென்டருக்கு வந்து இறப்புச் சான்றிதழுக்கு எழுதச் சொன்னாள். செண்பகவல்லி பெயர், அப்பா பெயர், வயது, இறந்த இடம் எல்லாம் டைப் அடித்தாள். அடிக்கும்போது அவளுக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது, எட்டு வருசத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அறிந்ததில்லை. சான்றிதழ் ரெண்டே நாளில் வந்தது.

கொம்பையா ஆறாம் நாள் வந்தான். லாரியை விட்டு இறங்கி வீட்டுக்குள் போனவன், பொட்டில்லாத நெற்றியோடு பெண்டாட்டி சோறு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து அவள் மயிரைப் பிடித்துத் தூக்கினான். அவள் கத்தவில்லை. “செத்தவருக்கு இங்க சோறு இல்ல” என்று சொன்னாள். அவன் அடித்தான், ஆனால் அவள் சத்தம் கேட்டு எப்போதும் ஜன்னலைச் சாத்துகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்றைக்குக் கதவைத் திறந்து வந்து நின்றார்கள், அவன் மேல் அல்ல, அவனைத் தாண்டிப் பின்னால் இருந்த சுவரின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. டீக்கடையில் கிளாஸ் வரவில்லை. பெட்ரோல் பங்கில் பையன் அடுத்த வண்டியைக் கூப்பிட்டான். அம்மன் கோயிலில் பூசாரி தீபத்தட்டை அவனைக் கடந்து கொண்டுபோனார். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு அவன் நீட்டிய மனுவை வாங்காமலே, “இறந்தவர் பேர்ல மனு வாங்குறதுக்குச் சட்டத்துல எடமில்லப்பா, வாரிசு யாராவது இருந்தா வரச் சொல்லு” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். இதில் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. சடங்கு முடிந்த ஆளை எப்படி நடத்துவது என்று அந்த ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் அரிவாளோடு செண்பகவல்லியின் கடைக்குள் வந்தான்.

“ஏ செண்பகம், அந்தச் சான்றிதழ ரத்து பண்ணு. என்ன உசுரோட எழுது.”

அவள் மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் அரிவாளை மேஜையில் கொத்தினான், கீபோர்டு இரண்டாகப் பிளந்து எழுத்துக்கட்டைகள் தெறித்தன.

“டைப் அடிக்கிற கையத்தான வெட்டுவ” என்றாள். “வெட்டிப்பிட்டா யாரு எழுதுவா?”

கொம்பையா பிளந்து கிடந்த கீபோர்டைப் பார்த்தான். பிறகு, எட்டு வருசமாக அந்த வாசலில் துப்பியவன், அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, தரையில், பிணங்கள் விழுகிற அதே இடத்தில் உட்கார்ந்தான். “யக்கா” என்றான். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. “எங்க வேலைக்காரப் பயலுவ என்ன ஒருமாதிரியாப் பாக்கானுவ. நான் அடிச்ச அடியெல்லாம் அவனுவ மனசுல இருக்கு. செத்தவன வெட்டுனா கேசு கெடையாதுன்னு பேசுறது காதுல விழுது. ஒரு மனு போட்டிருந்தா அதக் காட்டியாவது பொழச்சுக்குவேன். நான் பண்ணது தப்புத்தான் தாயி. எழுதிக் குடு.”

ரத்து மனுவுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் உண்டு. அவள் அதைத் திறந்தே வைத்திருந்தாள். கீபோர்டு உடைந்தால் என்ன, பக்கத்து அலமாரியில் இன்னொன்று இருந்தது. நாலு கட்டம் நிரப்பிக் கீழே இருக்கிற பொத்தானை அமுக்கினால் முடிந்தது. செண்பகவல்லி திரையைப் பார்த்தாள். தம்பியின் கைகள் தெருவில் தனித்தனியாகக் கிடந்ததைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்தவனின் வெற்றிலைக் கறைப் பல் நடுங்குவதையும் பார்த்தாள்.

“சர்வர் வேல செய்யல” என்றாள். “நாளைக்கு வாங்க.”

அவன் நம்பினான். அரிவாளைக்கூட எடுக்காமல், தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து வெளியே போனான்; தேர்முட்டிக்குப் போவதற்குள் அவனுடைய ஆட்கள் நாலு பேர் அவனை வளைத்தார்கள். முதல் வெட்டு தோளில் விழுந்தது. அவன் ஓடினான், ஒவ்வொரு வாசலாக ஏறி “நான் உசுரோடதான் இருக்கேன், பாருங்க, ரத்தம் வருது பாருங்க” என்று காட்டிக்கொண்டே ஓடினான். ராக்கு பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள், சிதம்பரம் ஒரு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார், பால்காரன் பாலை அளந்துகொண்டிருந்தான். அவர்கள் யாரும் இந்தத் தடவை திரும்பி நிற்கக்கூட இல்லை. ஏழெட்டு வெட்டு வாங்கி, குடல் சரிந்து, அதை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, அவன் செண்பகவல்லியின் கடைக்கு எதிரே வந்துதான் விழுந்தான், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

பதினொன்றரை ஆனது. நாற்பது வீட்டிலும் உலை கொதித்தது, ஒரு அடுப்பும் அணையவில்லை. கோயில் மணி அடித்தது. புதைத்துச் சடங்கும் முடிந்த ஆளுக்கு இரண்டாம் தரம் துக்கம் கிடையாது என்பதால், பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள், பைக்குகள் ஒதுங்கிப் போயின. பேரூராட்சி வண்டிக்காரன் மூன்று மணிக்கு வந்து, “இன்னிக்குப் பொணம் இருக்கா யக்கா?” என்று அவளைக் கேட்டான். அவள் எதிரே கையைக் காட்டினாள். “எங்க?” என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

செண்பகவல்லி அன்றைக்கு முழுக்க அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆசைப்பட்டது நடந்திருந்தது, ஆசைப்பட்டபடியே, கண்ணெதிரே. ஆனால் நெஞ்சுக்குள் அந்தக் குளுமை இல்லை, அவளுக்குப் பயமாக இருந்தது, அருவருப்பாக இருந்தது, தன்மேல்தான் இருந்தது அந்த அருவருப்பு. ஈக்கள் மொய்க்கிற சத்தம் கார்டு ஃபேனின் கீச்சொலியையும் தாண்டிக் கேட்கத் தொடங்கியதும் அவள் எழுந்து போய், சிதம்பரத்தின் தள்ளுவண்டியிலிருந்து துணிமூட்டைகளை எடுத்துக் கீழே வைத்தாள்.

“என்ன செய்யுத?” என்றார் சிதம்பரம்.

“ஒரு கை பிடிங்கண்ணே.”

“எத?”

சரிந்ததை அள்ளி உள்ளே வைத்து, தன் முந்தானையைக் கிழித்து அவன் வயிற்றைச் சுற்றிக் கட்டி, தனியாகவே இழுத்து வண்டியில் போட்டாள். இரண்டு தடவை வழுக்கி விழுந்தது, மூன்றாவது தடவை ஏறியது. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மயானத்தில் ஒச்சையா பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டியில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தள்ளி இருந்த புது மேட்டையும் ஒரு தரம் பார்த்தான்.

“இவரத்தான் அன்னிக்கே பொதச்சாச்சே.”

“நீங்க பொதச்சது இவன இல்ல.”

“குழி வெட்டணும்னா சொந்தம்னு ஒருத்தர் நிக்கணும்மா. நீங்க இவருக்கு யாரு?”

“எந்தம்பிய வெட்டுனவன் இவன்.”

ஒச்சையா பீடியை வாயிலிருந்து எடுத்தான். “அதுக்கு நீங்க எதுக்குத் தூக்கிட்டு வரணும்?”

“காலையில எங்கிட்ட வந்து, உசுரோட எழுதுன்னு கேட்டான். சர்வர் வேல செய்யலன்னு சொல்லி அனுப்பிட்டேன்.” அவள் வண்டியின் கைப்பிடியை விட்டாள். “சர்வர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வெட்டுனது நாலு பேரு, நாலு பேரையும் எனக்குத் தெரியும். நான் பாத்தேன்.”

தேரடித் தெருக்காரர் ஒருவர் நான் பார்த்தேன் என்று சொல்லி ஒச்சையா கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் எழுந்து போய் இரண்டு மண்வெட்டிகளைக் கொண்டுவந்து, ஒன்றை அவள் கையில் கொடுத்தான். மழை பார்க்காத மண் இறுகிக் கிடந்தது, முதல் வெட்டுக்கு அது அசையவே இல்லை.